தண்ணீர் வற்றட்டும், அப்புறம் வெங்காயம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை முடிந்து, பட்டரவாக்கத்தில் ரயில் பிடித்து, திருமுல்லைவாயலில் இறங்கி வீட்டுக்குள் நுழைய ஏழு மணியாகிவிடும். அதற்குமேல் மாட்டுக்கறியைத் துண்டு போட்டுக் குக்கரில் ஏற்றினால் ஏழெட்டு விசில், ஆவி அடங்கும்வரை காத்திருப்பு, பிறகு மசாலா. பிள்ளைகள் சாப்பிட்டுப் படுக்க மணி பத்தாகும். அதனால் வார நாட்களில் எங்கள் வீட்டில் கைமாதான். அரை கிலோ கைமா, வீட்டில் இருக்கிற காய்கறி, ஒரு வாணலி. முப்பத்தைந்து, நாற்பது நிமிடத்தில் நாலு பேருக்கான சாப்பாடு தயார். கழுவிப் போட வேண்டியதும் அந்த ஒரு வாணலிதான். பல வருடமாகச் செய்து கைக்குப் பழகிப்போன விஷயங்களை இங்கே எழுதுகிறேன். ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் என்னைப் போலவே ரயிலிலும் ஷேர் ஆட்டோவிலும் வந்து நேரே அடுப்படிக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். அவர்களில் சிலருக்காவது இது உதவட்டும்.

முதலில் நமக்குக் கிடைக்கும் கறி எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டுச் சமையல் வீடியோவில் வருகிற கறி பெரும்பாலும் கறிக்காகவே வளர்த்த இளம் மாட்டினுடையது. நம்மூரில் அப்படி இல்லை. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைத் தாண்டி உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாட்டை, சான்றிதழ் வாங்கித்தான் அறுக்க முடியும். பசுவையும் கிடாரியையும் அறுக்கக் கூடாதென்று 1976இல் அரசாணை வந்தது. ஆக, கடைக்கு வருவது பெரும்பாலும் உழைத்து ஓய்ந்த காளையும் எருமையும். அந்தச் சதையில் நார் தடிப்பாக இருக்கும், ஜவ்வு கூடுதலாக இருக்கும், ருசியும் ஆழமாக இருக்கும். மெதுவாக வேகவைத்தால்தான் துண்டுக்கறி பதமாகும். கைமாவில் அந்த நாரைக் கத்தியோ மெஷினோ முன்கூட்டியே அறுத்துவிடுகிறது. நம் கறிக்குக் கைமா ரொம்பப் பொருத்தம் என்று நான் சொல்வது இதனால்தான்.

வாங்கும்போது கொஞ்சம் நின்று வாங்குங்கள். அரைத்துக் குவித்து வைத்திருப்பதை வாங்காதீர்கள். தொடையிலிருந்தோ தோளிலிருந்தோ ஒரே துண்டாக எடுத்து எடை போடச் சொல்லி, கண்ணெதிரே அரைத்து வாங்குங்கள். நான் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: “பாய், ஜவ்வு எடுத்துட்டு ஒரே தடவ மெஷின்ல விடுங்க.” அவர் வெண்ணிறப் படலத்தைக் கத்தி நுனியால் நெம்பி, ஒரே இழுப்பில் உரித்து ஓரமாகப் போடுவார். அந்தப் படலம் எத்தனை நேரம் வெந்தாலும் வாயில் ரப்பராகத்தான் நிற்கும். பிறகு அவர் கேட்பார்: “கொழுப்பு சேக்கட்டுமாம்மா?” கொஞ்சம் சேர்க்கச் சொல்லுங்கள், அரை கிலோவுக்கு ஒரு சின்ன எலுமிச்சை அளவு. சுத்தமாகக் கொழுப்பே இல்லாத கைமா வாணலியில் மணல் மணலாக வறண்டுவிடும். ஒரு தடவை மட்டும் விடச் சொல்வதற்குக் காரணம், இரண்டு தடவை ஓடினால் மாவாகிவிடும், உருண்டை பிடிக்கத்தான் ஆகும். மெஷின் இல்லாத கடையில் கட்டையில் வைத்துக் கொத்தித் தருவார்கள். என்னைக் கேட்டால் அதுதான் இன்னும் ருசி.

கழுவும் விஷயத்தில் நம் வீடுகளில் ஒரு தர்க்கம் உண்டு. கறியைக் கழுவாமல் மனசு ஒப்பாது. அப்படியானால் துண்டாக வாங்கி வந்து கழுவி, ஈரம் வடித்து, வீட்டிலேயே கத்தியால் கொத்திக்கொள்ளலாம். கடையில் அரைத்ததைக் கழுவியே ஆக வேண்டுமென்றால் கண் சிறுத்த வடிகட்டியில் போட்டு அலசி, நன்றாக வடியவிட்டு, கையால் அழுத்திப் பிழிந்துவிடுங்கள். கிருமியைக் கொல்வது தண்ணீர் அல்ல, சூடுதான். முழுத் துண்டில் கிருமி மேற்பரப்பில் இருக்கும்; அரைத்ததும் அது உள்ளே எல்லா இடத்துக்கும் கலந்துவிடும். அதனால் கைமாவை அரைவேக்காட்டில் இறக்கவே கூடாது. உள்ளே 71 டிகிரி செல்சியஸ் சூடு ஏற வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு. நிறத்தை மட்டும் பார்த்து வெந்துவிட்டது என்று இறக்க வேண்டாம்; நான் கீழே சொல்வதுபோல் தண்ணீர் முழுக்க வற்றிப் பொரியும்வரை வறுத்தால் அந்தச் சூட்டைத் தாண்டிவிடும்.

ஞாயிறு காலை வாங்கியதை கால் கால் கிலோவாகப் பிரித்து, ஜிப் கவரில் போட்டு, உள்ளங்கையால் அப்பளம் தட்டுவதுபோல் மெல்லிசாகத் தட்டி ஃப்ரீசரில் படுக்கவைத்துவிடுவேன். உருண்டையாக உறைந்த கறி இளக ரொம்ப நேரம் எடுக்கும். தட்டையானது காலையில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் மாலைக்குள் தயார். மறந்துவிட்டால் கவரோடு பச்சைத் தண்ணீரில் மூழ்கவைத்தால் அரை மணிக்குள் இளகும். மேடையில் வெறுமனே வைத்துவிட்டு வேலைக்குப் போவது நம் வெயிலுக்கு ஆகாது.

இனி அடுப்பு. அசைவம் என்றாலே எண்ணெய், சோம்பு, வெங்காயம் என்று ஆரம்பிப்பது நம் கைப்பழக்கம். கைமாவுக்கு நான் கறியில் ஆரம்பிக்கிறேன். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் யாராவது எடுத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் அவரவர் விருப்பம். காரணம் தண்ணீர். அரைத்த கறியில் ஈரம் நிறைய. வதங்கும் வெங்காயமும் தக்காளியும் ஆளுக்குக் கொஞ்சம் தண்ணீர் விடும். எல்லாம் சேர்ந்தால் கறி வறுபடாது, வெந்நீரில் வேகும். சாம்பல் நிறத்தில், கவிச்சையோடு. வாணலியில் தண்ணீர் இருக்கும்வரை சூடு நூறு டிகிரியைத் தாண்டாது. கறிக்கு அந்தப் பழுப்பு நிறத்தையும் வறுத்த வாசனையையும் தரும் வினையோ 140 டிகிரியை ஒட்டித்தான் வேகமெடுக்கும். லூயி காமில் மயார் என்ற பிரெஞ்சுக்காரர் 1912இல் விவரித்த வினை அது. நம் பாட்டிமார் அவர் பெயரைக் கேள்விப்பட்டதில்லை, ஆனால் “சுருள வறு” என்று அவர்கள் சொன்னதும் இதைத்தான்.

அகலமான இரும்பு வாணலியைப் பெரிய பர்னரில் வைத்து, லேசாகப் புகை எழும்பும்வரை காயவிட்டு, ஒரு ஸ்பூன் எண்ணெய் ஊற்றுங்கள். கைமாவைப் பரப்பி, அரை ஸ்பூன் மஞ்சள்தூள் தூவி, கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். கிளறாதீர்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் ஓரங்களில் தண்ணீர் ஊறி, சளசளவென்று கொதிக்கும். இப்போது ஒருமுறை புரட்டி, கட்டிகளைப் பருப்பு மத்தால் அழுத்தி உடைத்துவிடுங்கள். கரண்டியைவிட மத்து இதற்கு நன்றாக வேலை செய்யும். தீயைக் குறைக்க வேண்டாம். காதைக் கொடுத்துக் கேளுங்கள். சளசளப்பு அடங்கி, சடசடவென்று எண்ணெயில் பொரிகிற சத்தம் வரும். தண்ணீர் போய்விட்டது, கொழுப்பு உருகி வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். அடியில் பழுப்பாக ஒட்டத் தொடங்கும். அந்த ஒட்டல்தான் இந்தச் சமையலின் மொத்த ருசி, கருகவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். எட்டிலிருந்து பத்து நிமிடம் ஆகும். ஒரு கிலோ செய்வதென்றால் இரண்டு தடவையாக வறுத்தெடுங்கள். வாணலி நெருக்கமானால் தண்ணீர் வெளியேற இடமிருக்காது.

உப்பு இதற்குப் பிறகுதான். முன்பே போட்டால் கறி இன்னும் தண்ணீர் விடும், ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். கறியை ஓரமாக ஒதுக்கி, நடுவில் வழிந்திருக்கும் கொழுப்பிலேயே சோம்பு, கறிவேப்பிலை, பொடியாக அரிந்த இரண்டு பெரிய வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய். வெங்காயம் விடும் ஈரம் அடியில் ஒட்டியதைத் தானாகச் சுரண்டி எடுத்துவிடும். பிறகு ஒரு ஸ்பூன் இஞ்சி பூண்டு விழுது. பச்சை வாசனை போனதும் வீட்டுக் குழம்பு மிளகாய்த்தூள் ஒன்றரை ஸ்பூன், உப்பு. கடைசியில் தூவ மிளகும் சோம்பும் வறுத்துப் பொடித்த தூள் ஒரு டப்பாவில் எப்போதும் வைத்திருப்பேன். கடையில் விற்கும் கறி மசாலா எதுவும் இதற்குத் தேவையில்லை.

காயில்தான் யோசனை வேண்டும். எந்தக் காயும் போடலாம், ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட முடியாது. உருளைக்கிழங்கு, கேரட், நூக்கல், முள்ளங்கி போன்ற கெட்டிக் காய்களைப் பட்டாணி அளவுக்கு அரிந்து முதலில் போடுங்கள். பெரிதாக அரிந்தால் காய் வேகும் நேரத்தில் கறி காய்ந்துபோகும். அரை டம்ளர் வெந்நீர் தெளித்து மூடினால் எட்டு நிமிடத்தில் வெந்துவிடும். பீன்ஸும் பட்டாணியும் பாதி வழியில் சேர வேண்டியவை. தக்காளி ஒன்றே ஒன்று போதும், அதுவும் உருளைக்கிழங்கு வெந்த பிறகுதான். புளிப்பு பட்டால் கிழங்கு மெத்தென்று வேகாமல் விறைத்தே நிற்கும். முட்டைக்கோஸுக்கும் குடைமிளகாய்க்கும் மூடியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். பெரிய தீயில் மூன்று நிமிடம் புரட்டினால் நறுக்கென்று இருக்கும். சுரைக்காயும் சௌசௌவும் நீர்க்காய்கள். அவற்றைப் போடும் நாளில் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றுவதில்லை. கத்திரிக்காய் குழைந்து கறியோடு கரைந்துவிடும், அது பிடித்தவர்கள் போடலாம். வெண்டைக்காய் மட்டும் இந்த வாணலிக்குச் சரிப்படாது.

எனக்கு மிகவும் பிடித்தது முருங்கைக்கீரை. உருவிய கீரை இரண்டு கைப்பிடி, எல்லாம் முடிந்த பிறகு கடைசி மூன்று நிமிடம், மூடாமல். கறியின் கொழுப்பில் புரண்ட முருங்கைக்கீரைக்கு ஈடாக எனக்கு வேறெதுவும் சொல்லத் தோன்றவில்லை. இதில் உடம்புக்கான காரணமும் இருக்கிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள். கீரையில் இரும்புச்சத்து இருந்தாலும் உடம்பு அதை எளிதில் உறிஞ்சாது. கூடவே கறி இருந்தால், மேலே கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் பிழிந்தால், கூடுதலாக உறிஞ்சும். மாட்டுக்கறியில் உள்ள இரும்பு நேராகவே சேரும். ஆட்டுக்கறி விலையில் பாதிகூட ஆகாத ஒரு கறி, கூட ஒரு கட்டுக் கீரை. வீட்டில் வயசுக்கு வந்த பெண்பிள்ளைகள் இருப்பவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இது நம் வாணலிக்கு மட்டும் சொந்தமானதல்ல. வடக்கே கீமா மட்டர், பிலிப்பைன்ஸில் உருளையும் கேரட்டும் பட்டாணியும் போட்ட கினிலிங், கியூபாவில் ஆலிவ் போட்ட பிகடில்லோ என்று உலகம் முழுக்க உழைக்கிற வீடுகளில் இதே சமையல்தான். பக்கத்திலேயே பெரம்பூர் ரயில்வேயை ஒட்டி வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் சாப்பாட்டில் பெப்பர் வாட்டரும் சோறும், தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு போட்ட கொத்துக்கறி வறுவலும் உண்டு. பெப்பர் வாட்டர் என்பது நம் மிளகு ரசத்தின் சொந்தக்காரன். எங்கள் வீட்டிலும் கைமா நாளில் ரசம்தான், குழம்பு கிடையாது. ஆவடியிலும் அம்பத்தூரிலும் மலையாளிக் குடும்பங்கள் ஏராளம். தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிக் கறியோடு வறுப்பதை நான் அப்படியொரு அடுக்களையில் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டேன். தேங்காயெண்ணெயில் செய்யும் நாளில் அது இல்லாமல் நிறைவு வராது.

இந்தக் கறியைப் பற்றி எழுதும்போது வீட்டு வாடகையைப் பற்றி எழுதாமல் விட முடியாது. இந்தப் பக்கம் வாடகை வீடு பார்க்கப் போனால் “வெஜ்ஜா, நான்வெஜ்ஜா” என்பது முதல் கேள்வி. நான்வெஜ் என்றால், “மாட்டுக்கறி செய்வீங்களாம்மா?” என்று குரலைத் தாழ்த்தி அடுத்த கேள்வி வரும். செய்வோம் என்றுதான் சொல்வேன். அதனால் கைவிட்டுப்போன வீடுகள் உண்டு. 2017 மே மாதம் சந்தைகளில் மாடுகளை இறைச்சிக்காக விற்கக் கூடாதென்று மத்திய அரசு விதி கொண்டுவந்தபோது, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த மாதம் 30ஆம் தேதியே இடைக்காலத் தடை விதித்தது. அதைப் படித்த அன்று என் மனசில் இருந்தது அரசியல் அல்ல, என் அம்மா வளர்த்த விதம். எங்களை வளர்த்து ஆளாக்கிய சாப்பாடு இது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைக்கும்படி என் பிள்ளைகளுக்கு நான் கற்றுக்கொடுக்கப் போவதில்லை. பக்கத்து வீட்டாருக்கு வாசனை பிடிக்காது என்றால் அது வேறு விஷயம். மஞ்சளும் பெரிய தீயும் இருந்தால் கவிச்சை வெளியே போகாது. அந்த மரியாதையை நான் எந்தக் கறிக்கும் காட்டுவேன், மீனுக்கும் சேர்த்து.

மிச்சமானால் வீணாக்க வேண்டாம். ஆறியதும் மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும்; சூடாக்கும்போது ஆவி பறக்கும்வரை முழுசாகச் சூடாக்கவும். காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு டப்பா கட்ட இதைப்போல் வசதி வேறில்லை. இரண்டு சப்பாத்திக்குள் சுருட்டலாம். தோசைக்கல்லில் மாவை ஊற்றி, மேலே தூவி, ஒரு முட்டை உடைத்து ஊற்றலாம். உருளைக்கிழங்கு போட்டதாக இருந்தால் மசித்து, ரொட்டித்தூளில் புரட்டி கட்லெட் தட்டலாம். முட்டைக்கோஸ் போட்டது மட்டும் மறுநாள் தண்ணீர் விட்டுக்கொள்ளும். அதை மறுபடி வாணலியில் போட்டு வற்றவிட்டு, நேற்றைய பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக் கொத்திவிடுங்கள்.