மலையேறும் கோல்ஃப் வண்டிக்கு லித்தியம்

கேள்வி: ஹல்துமுல்லையில் எங்கள் தோட்ட பங்களா விடுதியில் விருந்தினரை ஏற்றிப்போகும் கோல்ஃப் வண்டிக்கு லித்தியம் பற்றரி போடலாமா?

பதில்: தாராளமாகப் போடுங்கள். 48 வோல்ட் வண்டியில் 8 வோல்ட் ஈயப் பற்றரிகள் ஆறு, கிட்டத்தட்ட 170 கிலோ. லித்தியம் அதில் மூன்றிலொரு பங்குதான். பாதிச் சார்ஜிலும் ஏற்றத்தில் திணறாது. தண்ணீர் ஊற்றும் வேலையும், முனைகளில் பச்சையாய்ப் பூக்கும் துருவும் தொலையும். விலை கூடுதல்தான், ஆனால் பல மடங்கு உழைக்கும்.

உங்கள் ஊரில் கவனம் வேண்டியது இறக்கத்தில்தான். முழுச் சார்ஜோடு இறங்கினால் மோட்டார் திருப்பி அனுப்பும் மின்சாரத்துக்குப் பற்றரியில் இடமிருக்காது. பாதுகாப்புச் சுற்று இணைப்பைத் துண்டிக்கலாம், வண்டியின் வேகத்தை அடக்கும் மோட்டாரின் பிடி விட்டுப்போகும். மேலிருந்து புறப்படும் வண்டிக்கு 90 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்துங்கள், பிரேக்கையும் சரிபாருங்கள். பழைய சார்ஜரை மட்டும் மாட்டவே வேண்டாம்.