சிட்ரஸ் ஆய்வுக்கு எந்த மார்க்கர்?

எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளின் மரபுப் பன்மையை ஆராய வரும் மாணவர்களில் பலர், கேள்வி இன்னதென்று தெளியும் முன்பே கருவியை முடிவுசெய்துவிடுகிறார்கள். ஜீனோமை வாசிக்கும் சீக்வென்சிங் தெரிந்தால்தான் வேலை என்று வீட்டில் சொல்கிறார்கள். பக்கத்து ஆய்வகத்திலும் அதுதான் நடக்கிறது. ஆர்.ஏ.பி.டி., ஐ.எஸ்.எஸ்.ஆர்., எஸ்.எஸ்.ஆர்., எஸ்.என்.பி. என இருக்கும் மார்க்கர்கள், மரத்துக்கு மரம் டி.என்.ஏ. வேறுபடும் இடங்களைக் காட்டும் கருவிகள். முதல் இரண்டும் மலிவு. ஆனால் ஜெல்லில் பட்டை விழுந்ததா இல்லையா என்பதோடு அவற்றின் சாட்சி பெரும்பாலும் நின்றுவிடும். கலப்பினங்கள் மலிந்த சிட்ரஸுக்கு அது போதாது; இரு பெற்றோரின் பங்கும் தனித்தனியே தெரிய வேண்டும். காகிதி எலுமிச்சை, சிட்ரானும் மிக்ராந்தா என்ற இனமும் கலந்து பிறந்தது. பெற்றோர் வேறுபடும் இடத்தில் ஓர் எஸ்.எஸ்.ஆர். மார்க்கரை ஓட்டினால், ஜெல்லில் ஒரே லேனில் இரண்டு பட்டைகள் தெரியும். ஒன்று சிட்ரான் வழி வந்தது, மற்றது மிக்ராந்தா வழி வந்தது.

அளவுக்கு மீறிப் புகழப்படுவது முழு ஜீனோம் வாசிப்பு. 2013இல் ஆரஞ்சின் ஜீனோம் வெளியானது. 2018இல் 60 மாதிரிகளின் ஜீனோம்களை ஒப்பிட்டு சிட்ரஸின் பூர்வீகத்தை விளக்கினார்கள். அந்த 60 மாதிரிகளும் பூர்வீகம் என்ற கேள்விக்குப் பொருந்தியவை. கையிலுள்ள பணத்துக்கு எட்டு மரங்களை மட்டும் வாசிக்கும் மாணவருக்கு அந்தப் புகழில் பங்கில்லை. ஏனெனில், பல சிட்ரஸ் இனங்களில் ஒரே விதைக்குள் பல கருக்கள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை தாய் மரத்தின் நகல்கள். பம்பளிமாஸுக்கு இந்தச் சிக்கல் இல்லை, எலுமிச்சைக்கு உண்டு. எட்டு மரங்களும் ஒரு தாயின் நகல்களாக இருந்தால், எத்தனை கோடி டி.என்.ஏ. எழுத்துகளை வாசித்தாலும் அவை நிற்கும் வட்டாரத்தின் பன்மை பிடிபடாது. கலிஃபோர்னியாவின் ரிவர்சைட் சேகரிப்பில் 370 மாதிரிகளை 24 எஸ்.எஸ்.ஆர். மார்க்கர்களைக் கொண்டே ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். பன்மைக்கு முதலில் வேண்டியது மரங்களின் எண்ணிக்கை.

நேவல், வாலன்சியா போன்ற ஆரஞ்சு ரகங்களை எஸ்.எஸ்.ஆர். பெரும்பாலும் பிரித்துக் காட்டாதே என்று கேட்கலாம். உண்மைதான். அவை மொட்டில் நேர்ந்த திடீர் மாற்றங்களால் உண்டானவை. அவற்றைப் பிரிக்க ஜீனோம் வாசிப்பே சரி. செலவு குறைந்துவருகிறதே என்பது அடுத்த வாதம். வாசிக்கும் செலவு குறையலாம். மாதிரி எடுக்கும் உழைப்பும், வந்து குவியும் தரவைப் புரிந்துகொள்ளும் பயிற்சியும் அதனால் குறைவதில்லை. கணினியில் நாட்டமும் கற்றுத்தர ஆளும் இருந்தால், நூற்றுக்கணக்கான மரங்களில் எஸ்.என்.பி. எனும் ஓரெழுத்து மாறுபாடுகளைப் பார்ப்பது நல்ல வழி. அப்போதும் முதலில் எஸ்.எஸ்.ஆர். கொண்டு நகல்களைக் கழித்துவிட்டுப் போவதே என் கட்சி.

மற்றதெல்லாம் அவரவர் இயல்பைப் பொறுத்தது. மேகாலயாவின் நோக்ரெக் காட்டில் சிட்ரஸ் இண்டிகா என்ற காட்டு இனத்தைத் தேடி ஏறக் கால் வேண்டும். முற்றிய இலையின் பிசுபிசுப்போடு மல்லாடாமல் தளிர் பறித்து, சுத்தமான டி.என்.ஏ. வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யப் பொறுமை வேண்டும். இந்த இரண்டும் இல்லாதவருக்கு எந்த மார்க்கரும் கைகொடுக்காது. இருப்பவர் ஊர் சொல்வதை ஒதுக்கிவிட்டு, தன் கேள்விக்குப் போதுமான எளிய கருவியைத் துணிந்து எடுக்கலாம்.