மெய்ம்மறையும் மூளையதிர்ச்சியும்

பழந்தமிழர் கவசத்தை ‘மெய்ம்மறை’ என்றனர். மெய்யை மறைத்துக் காப்பது என்பது அதன் பொருள். பதிற்றுப்பத்தோ சேர வேந்தரையே சான்றோராகிய வீரர்க்கு மெய்ம்மறையாகப் போற்றும். கி.பி. 625-இல் நிகழ்ந்த உஹதுப் போரில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கவசமும் தலைக்கவசமும் அணிந்தே களம் புகுந்தார்கள். எனவே, தற்காப்பு வீரத்திற்கு இழுக்கன்று, இறைநம்பிக்கைக்கு முரணுமன்று. இவ்வுண்மை விளையாட்டுக் களத்திற்கும் பொருந்தும்.

தலைக்கவசம் வந்த வரலாறு

1962-ஆம் ஆண்டு பார்படாசுத் தீவின் பிரிட்ஜ்டவுன் நகரில், சார்லி கிரிஃபித் வீசிய பந்து இந்திய அணித்தலைவர் நாரி கான்ட்ராக்டரின் தலையைத் தாக்கியது, மண்டையோடு முறிந்தது. மேற்கிந்தியத் தீவுகள் அணித்தலைவர் ஃபிராங்க் வொரெல் குருதி வழங்கினார். கான்ட்ராக்டர் உயிர் பிழைத்தார். எனினும், மீண்டும் டெஸ்ட் ஆட்டத்தில் இடம்பெறவில்லை. அதே நகரில் 1978-இல் ஆஸ்திரேலியரான கிரகாம் யாலப் டெஸ்ட் ஆட்டத்தில் முதன்முதலாகத் தலைக்கவசம் அணிந்தார். 1998-இல் டாக்காவில் மட்டையாளருக்கு மிக அருகே கவசமின்றி நின்ற ராமன் லாம்பா, பந்து தாக்கி உயிர் துறந்தார். 2014-இல் சிட்னியில் ஃபிலிப் ஹியூஸ் தலைக்கவசம் அணிந்திருந்தார். கவசம் மறைக்காத கழுத்தில் பந்து பட்டு மறைந்தார். அதன்பின் கழுத்துக் காப்பு உருவாயிற்று.

கவசம் காவாதது

தலை அடிபடும்போது மூளை குலுங்கி, அதன் செயல் சிறிது காலம் தடுமாறுவதே மூளையதிர்ச்சி. தலைக்கவசம் அடியின் விசையைப் பரப்பி மண்டையோட்டைக் காக்கும். ஆயின் குலுக்கலை முற்றிலும் தடுக்க வல்லதன்று. நீர் நிறைந்த குடத்தை வைக்கோல் சுற்றி வண்டியில் ஏற்றினால் குடம் உடையாது. உள்ளிருக்கும் நீர் தளும்பாமல் இராது. கால்பந்து, கபடி முதலிய ஆட்டங்களிலோ தலைக்கவசமே இல்லை.

2019-இல் இலண்டன் லார்ட்ஸ் திடலில் ஜோஃப்ரா ஆர்ச்சரின் பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. சோதனைகளில் தேறி அவர் மீண்டும் வந்து மட்டை பிடித்தார். மறுநாட் காலையிலோ அறிகுறிகள் தோன்றின, ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டார். அவ்வாண்டு நடைமுறைக்கு வந்த புதிய விதியின்படி மார்னஸ் லபுஷேன் மாற்று வீரராக ஆடினார். டெஸ்ட் வரலாற்றில் அத்தகைய முதல் மாற்று வீரர் அவரே. அறிகுறி தாமதித்தும் வரும் என்பது இங்கு நாம் பெறும் பாடம்.

கண்ணுக்குத் தெரியாத புண்

முகத்திலும் மார்பிலும் பட்ட விழுப்புண்ணைப் போற்றியது நம் மரபு. மூளையதிர்ச்சியோ பிறர் கண்ணுக்குத் தெரியாத புண். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், குழப்பம், மறதி என்பன அதன் அறிகுறிகள். நினைவு தப்பினால்தான் மூளையதிர்ச்சி என்று கருதுவது பிழை. அணியில் இடம் போய்விடுமோ என்றஞ்சி மாணவன் இவற்றை மறைக்கின்றான். முதல் அதிர்ச்சி ஆறுமுன் மறுமுறை அடிபட்டால் மூளை வீங்கி உயிருக்கே கேடு விளையலாம்.

ஆகவே, ஐயம் எழுந்த அளவிலேயே ஆட்டத்தை நிறுத்துக. அன்று மீண்டும் களமிறங்கற்க. அடிபட்டவரைத் தனியே விடாது மருத்துவரிடம் காட்டுக. தொடர் வாந்தி, வலிப்பு, மிகுந்துவரும் தலைவலி, எழுப்ப இயலாத உறக்கம் காணின் உடனே மருத்துவமனை சேர்க்க. முதல் ஓரிரு நாள் அளவான ஓய்வும், பின்னர்ப் படிப்படியான பயிற்சியும், மருத்துவர் இசைவும் பெற்ற பின்னரே ஆட்டம்.

உஹதில் அண்ணலாரின் தலைக்கவசம் நொறுங்கித் திருமுகம் காயமுற்றது. அருமை மகளார் ஃபாத்திமா (ரலி) அவர்கள் குருதியைக் கழுவி, பாயை எரித்த சாம்பலிட்டு நிறுத்தினார்கள். கவசம் அணிந்த பெருமானார் மருந்தையும் மறுக்கவில்லை. உடல் இறைவன் நமக்களித்த அமானிதம். மாணவச் செல்வங்களே! “எனக்குத் தலை சுற்றுகிறது” என்று சொல்லும் துணிவும் வீரமே. அதனை இகழாது கேட்கும் ஆசிரியரும் பெற்றோருமே உங்கள் மெய்ம்மறை.