மறைக்காதே கண்ணு, மூணு பேருக்காவது சொல்லு

எனக்கு ஆபரேஷன் ஆகி நாலாவது மாதம் அது. பொள்ளாச்சிப் பக்கம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். 118 கிலோவில் இருந்தவள் 94-க்கு வந்திருந்தேன். எப்படி இளைத்தாய் என்று கேட்டவர்களிடமெல்லாம், "வாக்கிங் போறேன், ராத்திரி சோத்தை விட்டுட்டேன்" என்று சொல்லி வைத்திருந்தேன். எடை குறைய கேஸ்ட்ரிக் பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டது என் வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. பந்தியில் உட்கார்ந்ததும் அத்தை தன் கையாலேயே ஒப்புட்டை வைத்து, மேலே நெய்யையும் ஊற்றினார். "பாதியா போயிட்டியே, சாப்பிடு சாமி" என்றார். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்து முழு ஒப்புட்டையும் சாப்பிட்டேன்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது, சேலை நனைகிற அளவுக்கு வியர்த்தது, வயிற்றைப் பிசைந்தது. மண்டபத்துப் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் சுவரில் சாய்ந்து நின்றேன். இதற்கு டம்பிங் என்று பெயர். பைபாஸ் ஆனவர்களுக்கு இனிப்பு சரசரவென்று சிறுகுடலில் போய் இறங்கிவிடும். உடம்பு அதைச் சமாளிக்கத் தண்ணீரை அங்கே இழுக்கும். சிலருக்கு உடனே வரும். சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை தடாலென்று இறங்கி, கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வரும். ஸ்லீவ் என்கிற இன்னொரு வகை ஆபரேஷன் செய்தவர்களுக்குக் குறைவு என்றாலும் வராது என்று சொல்ல முடியாது.

அன்றைக்கு எனக்குக் கெடுதல் செய்தது ஒப்புட்டு மட்டும் இல்லை. நான் மூடி மறைத்ததும்தான். அதனால் இந்த மாதிரி ஆபரேஷன் ஆன உனக்குச் சொல்லப்போகிற எல்லா டிப்ஸுக்கும் முன்னால் இதைச் சொல்கிறேன்: ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம், மூணு பேருக்குச் சொல்லு.

முதல் ஆள், உன் வீட்டில் அடுப்படியில் நிற்பவர். அம்மாவோ, மாமியாரோ, சமையலுக்கு வரும் அக்காவோ. அவருக்குத் தெரியாமல் நீ என்ன டயட் சார்ட் ஒட்டினாலும் நடக்காது. டயட்டீஷியனைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போ. நீ சொன்னால் "பட்டினி கிடக்கிறாள்" என்பார்கள். டயட்டீஷியன் சொன்னால் அளவுக் கரண்டியை அவர்களே எடுத்து வைப்பார்கள். என் அம்மாவிடம் நான் சொன்னது ஆறாவது மாதத்தில். முதலில் அழுதார். மறுநாள் காலை எனக்கென்று ஒரு குட்டிக் கிண்ணத்தில் கொள்ளுப் பருப்பைக் கடைந்து வைத்திருந்தார்.

இரண்டாவது ஆள், வெளியில் உன்னோடு சாப்பிடுபவர். ஆபீஸ் தோழி, நாத்தனார், யாராக இருந்தாலும் சரி. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து "அவளுக்குப் போதும், எனக்கு வைங்க" என்று சொல்ல ஒருவர் இருந்தால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

மூன்றாவது ஆள், இதே ஆபரேஷன் ஆனவர். இவரைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம் என்று நினைப்பாய். ரிவ்யூவுக்குப் போகும் நாளில் வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார். கையில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக உறிஞ்சுகிறவர் உன் ஜாதிதான். போய்ப் பேசு. டயட்டீஷியனிடமும் கேள், "எனக்கு முன்னாடி பண்ணிக்கிட்டவங்க யாராவது பேசச் சம்மதிப்பாங்களா?" என்று. பல ஆஸ்பத்திரிகளில் மாதம் ஒருமுறை இப்படிப்பட்டவர்களைக் கூட்டி உட்கார வைக்கிறார்கள். நாங்கள் ஐந்து பெண்கள் அப்படித்தான் சேர்ந்தோம். எங்களுக்குள் இரண்டே கட்டுப்பாடு. யார் எத்தனை கிலோ குறைந்தோம் என்று ஒப்பிடக் கூடாது. ஒருத்தியின் மாத்திரையை இன்னொருத்திக்குச் சொல்லக் கூடாது. மற்றபடி நடுராத்திரி ஐஸ்கிரீம் ஆசை வந்தாலும் கூப்பிடலாம்.

தட்டைத் திருப்பிப் போடு

நம் சாப்பாட்டில் சோறு நடுவில் மலை மாதிரி இருக்கும், பொரியல் ஓரத்தில் இருக்கும். இனி உனக்கு அந்த வரிசை தலைகீழ். முதலில் முட்டையோ மீனோ கோழியோ பனீரோ பருப்போ. அது இறங்கிய பிறகு கூட்டு, பொரியல். இடம் மிச்சமிருந்தால் கடைசியில் இரண்டு ஸ்பூன் சோறு. பைபாஸில் இரைப்பையின் மேல் பகுதியில் 30 மில்லி பிடிக்கிற சின்னப் பைதான் விடுகிறார்கள், ஒரு கோழி முட்டையைவிடச் சிறியது. ஸ்லீவில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு வாழைப்பழ அளவில் ஒரு குழாயை விடுகிறார்கள். முதலில் சோற்றால் அதை நிரப்பினால் புரதத்துக்கு இடமே இருக்காது.

நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். கேட்க மலைப்பாக இருக்கும். என் கணக்கைச் சொல்கிறேன். இரண்டு முட்டையில் 12. ஒரு டம்ளர் பாலில், 200 மில்லி, கிட்டத்தட்ட 6. 100 கிராம் பனீரில் 18 போல. அதே அளவு மீனில் 20. ஒரு சின்னக் கிண்ணம் சுண்டலில் 8. ஒரு வேளையில் அடங்காது, ஐந்தாறு தடவையாகப் பிரித்துச் சாப்பிட்டால் சேர்ந்துவிடும். முதல் மாதங்களில் இவ்வளவு இறங்காது, அப்போது டாக்டர் சொன்ன புரோட்டீன் பவுடரை மோரிலோ பாலிலோ கலக்கிக்கொள். ஆபரேஷன் முடிந்ததும் தண்ணீராக, பிறகு கூழாக, பிறகு குழைவாக என்று படிப்படியாகத்தான் திட உணவுக்கு வர வேண்டும். அதற்கு ஆறிலிருந்து எட்டு வாரம் பிடிக்கும். அதில் அவசரம் வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதே. கோழித் துண்டு தொண்டைக்குக் கீழே நிற்கும், முறுக்கு வழுக்கிக்கொண்டு போகும். மிக்ஸர், பிஸ்கட், ஐஸ்கிரீம், சர்க்கரை போட்ட காபி எல்லாம் அப்படித்தான். "எனக்கு இதுதான் ஒத்துக்குது" என்று தோன்றும். வயிறு நிறைந்த உணர்வே வராமல் நாள் முழுக்கக் கொறிக்கலாம், எடை திரும்பி ஏறுவது பெரும்பாலும் இந்த வழியில்தான். சாயங்காலம் டீவி முன்னால் மிக்ஸர் டப்பா இருக்கும் வீடாக இருந்தால், அந்த டப்பாவைப் பற்றி அந்த முதல் ஆளிடம் பேசிவிடு.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதே. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடி. ரசத்தை ஊற்றிக் குழைத்து விழுங்குவதும் அதே கணக்குதான், மெல்லாமல் இறங்கிவிடும். ஒவ்வொரு வாயையும் இருபது முப்பது தடவை மெல். ஸ்பூன் வேண்டுமானால் குழந்தை ஸ்பூனாக எடுத்துக்கொள், நான் இன்னும் அதில்தான் சாப்பிடுகிறேன். நாளெல்லாம் ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் உள்ளே போக வேண்டும், ஆனால் மடக் மடக்கென்று முடியாது. அரை லிட்டர் பாட்டில் மூன்றை வரிசையாக வைத்துக்கொண்டு காலையிலிருந்தே ஆரம்பி. நீர்மோர் சேர்த்தி. கோலி சோடா, குளிர்பானம் வேண்டாம்.

மாத்திரை ஆயுசுக்கும்

எடை குறைந்ததும் பலர் விடுவது இதைத்தான். சாப்பிடுவதும் குறைவு, குடல் உறிஞ்சுவதும் குறைவு. அதனால் மல்டிவிட்டமின், பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் கடைசி வரைக்கும். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போட்டால் ஒன்றை ஒன்று தடுக்கும், இரண்டு மணி நேர இடைவெளி விடு. டீ, காபியோடு இரும்பு மாத்திரை போடாதே. மாதவிடாய் வருகிற பெண்களுக்கு இரும்பு சீக்கிரம் வற்றிவிடும். பாதம் மரத்துப் போகிறது, மறதி வருகிறது என்றால் வயசு என்று விட்டுவிடாதே, பி12 பார்க்கச் சொல்லு. ரத்தப் பரிசோதனை முதல் வருடத்தில் மூன்று, ஆறு, பன்னிரண்டாவது மாதங்களில், பிறகு வருடா வருடம். நான் என் பிறந்தநாள் வாரத்தில் எடுத்துவிடுவேன், மறக்காது.

மூன்றாவது மாதத்திலிருந்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். அழுதுவிடாதே, திரும்ப முளைக்கும். புரதமும் இரும்பும் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை போடுகிறவள் என்றால் அளவை டாக்டர் குறைத்துக்கொண்டே வருவார். நீயாகப் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டிருக்காதே, நீயாக நிறுத்தவும் செய்யாதே.

பர்ஸில் ஒரு சீட்டு

இதைக் கட்டாயம் செய். ஒரு சின்னத் தாளில் என்ன ஆபரேஷன், எந்தத் தேதி, எந்த டாக்டர், அவர் நம்பர், இவற்றை எழுதிப் பர்ஸில் வை, போனிலும் போட்டோ எடுத்து வை. காரணம் சொல்கிறேன். மூட்டு வலி, காய்ச்சல் என்றால் நம் ஊரில் மெடிக்கலில் போய் "ஒரு செட் மாத்திரை குடுங்க" என்று வாங்கிப் போட்டுவிடுவோம். அதில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரை இருந்தால் பைபாஸ் ஆன இடத்தில் புண் வந்து ரத்தம் கசியலாம். பாரசிட்டமால் போதுமா என்று உன் டாக்டரைக் கேட்டுக்கொள். சிகரெட்டும் அந்த இடத்தைப் புண்ணாக்கும். மது முன்னைவிட வேகமாக ரத்தத்தில் ஏறும், அதில் விழுந்துவிடுகிறவர்களும் உண்டு.

இன்னொன்று, நாள் கணக்கில் வாந்தி நிற்கவில்லை என்றால் வீட்டில் காத்திருக்காதே. உடம்பில் வைட்டமின் பி1 தீர்ந்துபோய் நடை தள்ளாடும், பார்வை இரண்டு இரண்டாகத் தெரியும், மூளையே பாதிக்கப்படலாம். பக்கத்துக் கிளினிக்கில் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திடலாம்" என்றால் உடனே அந்தச் சீட்டைக் காட்டு. குளுக்கோஸுக்கு முன்னால் பி1 ஊசி தேவைப்படும், வெறும் குளுக்கோஸ் நிலைமையை மோசமாக்கும். பைபாஸ் ஆனவர்களுக்குப் பல வருடம் கழித்தும் குடல் சிக்கிக்கொண்டு கடும் வயிற்று வலி வரலாம். அப்போதும் "கேஸ்" என்று ஓமவாட்டர் குடித்துப் படுக்காமல் ஆபரேஷன் செய்யும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போ. வலது பக்க விலாவுக்குக் கீழே சாப்பிட்ட பிறகு வலித்தால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம், எடை வேகமாகக் குறையும்போது அது வருவது சகஜம்.

கல்யாணமான தங்கச்சிகளுக்கு ஒரு வார்த்தை. எடை குறைந்ததும் ஒழுங்கில்லாமல் இருந்த மாதவிடாய் ஒழுங்காகும், எதிர்பாராமல் கரு தங்கிவிடலாம். ஆனால் ஆபரேஷன் ஆன நாளிலிருந்து பன்னிரண்டு, பதினெட்டு மாதத்துக்குக் கர்ப்பம் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள், குழந்தைக்குப் போகிற சத்து உன்னிடமே இருக்காது. கர்ப்பத்தடை மாத்திரை பைபாஸுக்குப் பிறகு முழுசாக உடம்பில் சேராமல் போகலாம், வேறு வழியை டாக்டரிடம் முன்னாலேயே பேசு. மாமியார் கேட்டால் பதில் சொல்கிற வேலையை உன் வீட்டுக்காரருக்குக் கொடு.

மனசு

இளைத்த பெண்ணைப் பார்த்தால் நம் ஊரில் கேட்கிற முதல் கேள்வி, "சுகரா?" இரண்டாவது கேள்வி, "முகம் வத்திப் போச்சே." குண்டாக இருந்தபோது கேலி செய்த அதே வாய்தான். கண்ணாடியில் தெரிகிற தொங்கும் தோலும் சேர்ந்துகொள்ளும். வருத்தம் வந்தால் சாப்பிடுவது என்று இத்தனை வருடம் பழகியவளுக்கு, இப்போது வருத்தம் வந்தால் சாப்பிடவும் முடியாது. அந்த வெறுமையை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால் உனக்கு நான் சொல்கிறேன், அது வரும். வந்தால் எங்கள் ஐந்து பேர் மாதிரி யாரையாவது கூப்பிடு. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டவில்லை, தூக்கம் இல்லை, செத்துப் போகலாம் போலிருக்கிறது என்றெல்லாம் தோன்றினால் 14416-ஐ அழுத்து. டெலிமானஸ், அரசாங்க மனநல உதவி எண். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

மூன்றாவது வருடம் என் எடை 76-லிருந்து 83-க்கு ஏறியது. முதல் ஒன்றரை வருடத்துக்குப் பிறகு கொஞ்சம் ஏறுவது பலருக்கும் நடப்பதுதான். ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் வெட்கம். இவ்வளவு செலவு செய்து வயிற்றை வெட்டிக்கொண்டும் இப்படியா என்று டாக்டர் நினைப்பாரோ என்று எட்டு மாதம் ரிவ்யூவுக்கே போகவில்லை. மறுபடியும் ஒளிந்துகொண்டேன், இந்த முறை உதவி செய்யக் கூடியவரிடமிருந்தே. கடைசியில் எங்கள் ஐவரில் ஒருத்தி ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப் போனாள். டாக்டர் திட்டவில்லை. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி தரையில் கிடந்தது, சாயங்கால பிஸ்கட் கணக்கில் வந்தது. வாரம் மூன்று நாள் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் கைப்பயிற்சியும் தினம் அரை மணி நடையும் சேர்த்தார்கள். இப்போது 79.

உன் ரிவ்யூ தேதி தாண்டிப் போயிருந்தால், டிஸ்சார்ஜ் சம்மரியை எடு. முதல் பக்கத்திலேயே நம்பர் இருக்கும். திங்கட்கிழமை காலை கூப்பிடு. தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் அந்த மூணு பேரில் ஒருவரைக் கூட்டிக்கொள்.