ஜெனரேட்டருக்கு முன்னால் பெட்டரி

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் சேர்ந்து, ஊவாவில் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஜெனரேட்டர் வாங்கிக் கொடுக்கப் பணம் சேர்க்கிறீர்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டதே, அந்த நேரம் அக்கா பிரசவத்துக்குத் தியேட்டரில் இருந்திருந்தால் என்ற பயம்தான் தொடக்கம் என்கிறீர்கள். நல்ல காரியம். ஆனால் ஜெனரேட்டருக்கு அவசரப்படாதீர்கள்.

முதலில் அக்காவின் கதை. சீசருக்குப் பெரும்பாலும் முதுகில்தான் ஊசி போடுவார்கள். தாய் தானாகவே மூச்சு விடுவாள். முழு மயக்கம் கொடுத்து, தசைகளைத் தளர்த்தும் மருந்தும் ஏற்றினால்தான் நெஞ்சு அசையாது. அப்போது காற்றை உள்ளே தள்ளுவது மயக்க இயந்திரம். அது நின்று, கவனிக்க ஆளும் இல்லையென்றால் சில நிமிடங்களில் மூளைக்குக் கேடு.

தியேட்டர் உள்ள ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் ஜெனரேட்டர் ஏற்கெனவே நிற்கும். அது எழும்பச் சில விநாடி பிடிக்கும்; சில நாள் எழும்பவே எழும்பாது. 2019 மேயில் மதுரை இராசாசி அரசு மருத்துவமனையில் மழைக்காற்றில் மின்சாரம் போன மாலை, செயற்கைச் சுவாசத்தில் இருந்த சிலர் இறந்தார்கள். ஜெனரேட்டரும் கைகொடுக்காததால்தான் என்றார்கள் உறவினர்கள். நோய் முற்றியதால் என்றது நிர்வாகம். எழும்பினாலும் டீசல் வேண்டுமே. 2022 மார்ச் கடைசியில் நம் நாட்டில் நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு வந்ததற்கு எரிபொருள் தட்டுப்பாடும் ஒரு காரணம். 2025 நவம்பரில் டித்வா புயல் மழையில் பதுளை மாவட்டத்துப் பாதைகள் மண்ணுக்குள் போனதை நீங்களே பார்த்தீர்கள். டீசல் பவுசர் எந்த வழியால் ஏறும்?

பொயில் என்ற பழைய மயக்க இயந்திரத்துக்குக் கரண்டே தேவையில்லை. சிலிண்டரின் அழுத்தத்தில் வாயு வரும், மருத்துவர் பையை அமுக்குவார். இப்போதைய இயந்திரங்கள் மின்சாரத்தை நம்பியவை. கரண்ட் போனதும் உள்ளே இருக்கும் பெட்டரி தாங்கிக்கொள்ளும்; குறைந்தது அரை மணிநேரம் தாங்க வேண்டும் என்பது சர்வதேச நியமம். அதுவும் தீர்ந்தாலும் பெரும்பாலான இயந்திரங்களில் ஒட்சிசன் ஓடும், செவோஃபுளூரேன் என்ற மயக்க மருந்து ஆவியாகும், பையைக் கையால் அமுக்கலாம். டெஸ்ஃபுளூரேன் என்ற இன்னொரு மயக்க மருந்தை மின்சாரத்தில் சூடாக்க வேண்டியிருப்பதால் அது மட்டும் நின்றுவிடும். கை என்றால் இளக்காரமாக நினைக்காதீர்கள். 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, வாரக்கணக்கில், இரவும் பகலும் பை அமுக்கித்தான் நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். தானாக விரியும் அம்பு பை 1956இல் அதே டென்மார்க்கில் வந்தது. அதற்குச் சிலிண்டர்கூடத் தேவையில்லை, அறைக்காற்றே போதும்.

என் கவலை பெட்டரியைப் பற்றித்தான். பல இயந்திரங்களில் இருப்பது மூடிய ஈய அமில பெட்டரி. கிழண்டு போனாலும் அது வெளியே காட்டிக்கொள்ளாது. பிளக் செருகியிருக்கும்வரை பச்சை விளக்கு எரியும், திரையில் பெட்டரிப் படம் நிறைந்தே நிற்கும். கழற்றினால் ஐந்து நிமிடத்தில் அலாரம். நோயாளி இல்லாத நேரம், நோயாளியின் இடத்தில் சோதனைப் பையை மாட்டி, பிளக்கைக் கழற்றிவிட்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு நம்பகமான சோதனை கிடையாது. ஜெனரேட்டரை உதைத்து எழுப்புவதும் ஒரு பெட்டரிதான் என்பதைக் குழுவிலும் சொல்லுங்கள்.

ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மயக்க இயந்திரம், உறிஞ்சுபம்பு, இரத்தம் சூடாக்கும் கருவி எல்லாவற்றையும் செருகும் பழக்கமும் உண்டு. ஒன்றில் கோளாறு வந்தால் எல்லாம் விழும். அதற்கு ஊரே இருளத் தேவையில்லை.

ஆகவே ஆஸ்பத்திரிப் பணிப்பாளரின் அனுமதியோடு உயிர்மருத்துவப் பொறியியல் பிரிவில் கேளுங்கள்: இயந்திரம் எந்த மாதிரி, பெட்டரி எப்போது மாற்றியது, கடைசியாகக் கழற்றிப் பார்த்தபோது எத்தனை நிமிடம் நின்றது, இயந்திரத்தின் பின்னால் உள்ள ஒட்சிசன் சிலிண்டர் நிறைந்திருக்கிறதா, அதைத் திறக்கும் சாவி சிலிண்டரிலேயே கட்டியிருக்கிறதா. அம்பு பை, காலால் மிதிக்கும் உறிஞ்சுபம்பு இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். புதுப் பெட்டரியோடு இவற்றையும் வாங்கிக் கொடுத்தாலும் ஜெனரேட்டர் விலையில் சிறு பங்குதான் வரும். என்ன, பெட்டரியில் நன்கொடையாளர் பெயரைப் பதிக்க இடமில்லை, ரிப்பன் வெட்டவும் முடியாது. உங்கள் குழுவில் சிலருக்கு அது கசக்கும்.

பதில் வந்ததும் மாதிரி இலக்கத்தையும் பெட்டரியின் வோல்ட் அளவையும் எழுதுங்கள். தயாரிப்பாளர் சொன்ன பெட்டரியைத்தான் போட வேண்டும். மோட்டார் சைக்கிள் கடைப் பெட்டரி மலிவு என்று யாராவது கிளம்பினால், ஆளை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணன்