வீடு எவ்வளவு சூடு கேட்கிறது?

அன்புள்ள தம்பிக்கு,

லீட்ஸ் நகரத்தில் 1930களில் கட்டிய வீடு ஒன்றைப் பார்த்துவிட்டு நீங்கள் எழுதிய பழுதறிக்கையைப் படித்தேன். ஹீட் பம்ப் ஓடுவதும் நிற்பதுமாகவே இருக்கிறது என்பது வீட்டுக்காரரின் புகார். கம்ப்ரஸர் இதுவரை 30,000 முறை கிளம்பியிருக்கிறது, 5,000 மணி நேரம் ஓடியிருக்கிறது, ஆகவே ஓர் ஓட்டத்துக்குச் சராசரி 10 நிமிடம் என்று வகுத்துக் காட்டியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி அருமையிலும் அருமை. காதில் விழுந்த சத்தத்தையும் வீட்டுக்காரர் சொன்னதையும் வைத்தே தீர்ப்பு எழுதும் தொழிலில், இயந்திரம் தானே வைத்திருக்கும் கணக்கைத் திறந்து பார்த்திருக்கிறீர்கள். இப்படிப் பார்க்கத் தெரிந்தவர் எழுதியது என்பதால்தான் மீதி அறிக்கை என்னை உறுத்துகிறது. “ஏப்ரலில் பார்த்தபோது மணிக்கு ஆறு முறை” என்று எழுதிய இடத்தில், வெளியே அப்போது எத்தனை டிகிரி என்பது இல்லை. அடுத்த பத்தியிலேயே, சுற்றும் தண்ணீரைக் கூட்டித் தேக்கிவைக்கும் 100 லிட்டர் பஃபர் டேங்க் வைக்கச் சொல்லி முடித்துவிட்டீர்கள்.

வெளி வெப்பநிலை இல்லாத எண்ணிக்கையை வைத்து எதையும் சொல்ல முடியாது. உங்கள் கணக்குப்படி, வெளியே மைனஸ் 3, உள்ளே 21 டிகிரி என்றால் அந்த வீடு 6 கிலோவாட் இழக்கிறது. அதாவது டிகிரிக்கு 250 வாட். வெளியே 12 டிகிரி இருக்கும் ஏப்ரல் நாளில் அது கேட்பது 2 கிலோவாட்டுக்குச் சற்று மேல். சன்னல் வெயிலும் அடுப்பும் ஆட்களும் தரும் சூட்டைக் கழித்தால் 2 கிலோவாட்டே போதும். அங்கே வைத்திருப்பதோ 12 கிலோவாட் இயந்திரம். எவ்வளவு தாழ்ந்து ஓடினாலும் 4 கிலோவாட் கொடுக்கும். பெரிய அடுப்பை எவ்வளவு குறைத்து வைத்தாலும் சின்னப் பாத்திரத்துப் பால் பொங்கத்தான் செய்யும். அந்த நாளில் இந்த இயந்திரம் இடையிடையே நின்றாக வேண்டும், அது பழுதல்ல. மைனஸ் 2 டிகிரியிலும் மணிக்கு ஆறு முறை நின்றால் அது பழுது. 0 முதல் 5 டிகிரி வரையான ஈரக் குளிரில் வெளி யூனிட்டில் படியும் பனியை உருக்க இயந்திரம் சில நிமிடம் தலைகீழாக இயங்குவது வேறு கதை. இந்த மூன்றையும் பிரித்துக் காட்டுவது வெளி வெப்பநிலைதான்.

மணிக்கு ஆறு முறை என்றால் ஏன் ஆறு என்பதை உங்கள் எண்களே சொல்கின்றன. இயந்திரம் கொடுப்பது 4, வீடு எடுப்பது 2, மிச்சம் 2 கிலோவாட் குழாய்த் தண்ணீரில் ஏறுகிறது. 5 டிகிரி ஏறியதும் நிற்கிறது, 5 டிகிரி இறங்கியதும் கிளம்புகிறது. ஐந்து நிமிட ஓட்டம், ஐந்து நிமிட ஓய்வு என்றால் சுற்றிக்கொண்டிருந்த தண்ணீர் 30 லிட்டருக்கும் குறைவு. அந்த வீட்டில் பத்து ரேடியேட்டர்கள் இருக்கின்றன. குழாய்களையும் சேர்த்தால் 80 லிட்டர் இருக்கும். மீதித் தண்ணீர் எங்கே போனது? “மேல்மாடி அறைகளின் தெர்மோஸ்டாட் வால்வுகள் மூடியிருந்தன” என்று இரண்டாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். காரணத்தைக் கையில் பிடித்துவிட்டு நழுவவிட்டிருக்கிறீர்கள், தம்பி. வால்வுகளைத் திறந்தால் 80 லிட்டரும் சுற்றும். ஆறு என்பது இரண்டாகும். செலவு ஒன்றுமில்லை. தண்ணீர் ஓட்டமே தடைப்பட்டிருக்குமோ என்ற சந்தேகத்துக்கும் விடை எளிது. ஃபில்டர் அடைத்திருந்தால் போகிற தண்ணீருக்கும் திரும்புகிற தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் வழக்கமான 5 டிகிரியைத் தாண்டி விரியும். வித்தியாசம் அப்படியே இருக்க இரண்டும் சேர்ந்து ஏறினால், சூட்டை வாங்கிக்கொள்ள ஆளில்லை என்று பொருள். நீங்கள் குறித்தது 5 டிகிரிதான்.

பஃபர் டேங்க் வைத்தாலும் எண்ணிக்கை குறையுமே என்பீர்கள். குறையும். ஆனால் நீங்கள் வரைந்திருக்கும் நாலு குழாய் டேங்கில் போகிற தண்ணீரும் திரும்பும் தண்ணீரும் கலக்கும். ரேடியேட்டருக்கு அதே சூடு போய்ச் சேர இயந்திரம் 3 டிகிரி கூடுதலாகச் சூடாக்க நேர்ந்தால் மின்செலவு ஏறக்குறைய 7, 8 சதவீதம் ஏறும். அது குளிர்காலம் முழுக்க, ஒவ்வொரு ஆண்டும் ஏறும். தயாரிப்பாளரே குறைந்தபட்சத் தண்ணீர் அளவு கேட்கிறாரே என்றால், அது நியாயமான நிபந்தனை. பனி உருக்கவும் அந்தத் தண்ணீரின் சூடு வேண்டும். அந்த அளவை முதலில் திறந்த ரேடியேட்டர்களிலிருந்து எடுங்கள். அப்போதும் போதாவிட்டால் திரும்பும் குழாயில் இரண்டு குழாய் டேங்க் ஒன்றை வையுங்கள், கலப்பு இருக்காது. ஆளில்லாத அறையை மூடினால் மிச்சம்தானே என்று வீட்டுக்காரர் கேட்பார். கேஸ் பாய்லர் காலத்துக் கணக்கு அது. மூடிய அறை பக்கத்து அறையிலிருந்து சுவர் வழியே சூட்டை இழுக்கும். அதை ஈடுகட்ட மற்ற ரேடியேட்டர்களுக்கு இன்னும் சூடான தண்ணீர் வேண்டும். ஹீட் பம்புக்கு அதுதான் பெருஞ்செலவு. இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் மெதுவாகத்தானே கிளம்புகிறது, நின்று ஓடினால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. நிலையான ஓட்டத்துக்கு வரவே சில நிமிடம் ஆகும். கிளம்பும்போது வெளியேறும் எண்ணெய் திரும்பி வரவும் நேரம் வேண்டும். ஐந்து நிமிட ஓட்டம் இரண்டுக்கும் போதாது.

பிரிட்டனில் இந்தத் தொழில் அளந்து பார்ப்பதில்தான் தொடங்கியது. 1945இல் பொறியாளர் ஜான் சம்னர் நாரிச் நகர மின்துறைக் கட்டடத்தை வென்சம் ஆற்றின் குளிர்ந்த நீரிலிருந்து சூடாக்கினார். போர்க்காலத் தட்டுப்பாட்டில் பழைய உதிரிப்பாகங்களைச் சேர்த்துக் கட்டிய இயந்திரம் அது. உள்ளே குளிர்பதனப் பொருளாக ஓடியது சல்பர் டை ஆக்சைடு. ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்குக்கு மேல் சூடு கிடைத்தது என்று அவரால் சொல்ல முடிந்தது, அளந்து வைத்திருந்ததால். பின்னர் இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் அந்த அளவுகளை வைத்தார். இன்று வெளி வெப்பநிலை, தண்ணீரின் சூடு, ஓட்டம், மின்சாரம் எல்லாவற்றையும் இயந்திரமே பதிந்து வைக்கிறது. அதைப் படிக்காமல் டேங்க் விற்பது அந்த மனிதரின் வாரிசுகளுக்கு அழகல்ல.

அறிக்கையைத் திரும்ப எழுதுங்கள். எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வெளி வெப்பநிலை. அதற்கடுத்து அந்த வெப்பநிலையில் வீடு கேட்பது எவ்வளவு, இயந்திரம் குறைந்தது கொடுப்பது எவ்வளவு. பிறகு சுற்றும் தண்ணீர். இயந்திரம் இந்த வீட்டுக்கு இரு மடங்கு பெரிது என்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். பொருத்தியவருக்கு வருத்தமாக இருந்தாலும் வீட்டுக்காரருக்கு அது தெரிய வேண்டும். வால்வுகளைத் திறந்துவிட்டு இரண்டு வாரப் பதிவைப் பாருங்கள். டேங்க் வேண்டுமா என்ற கேள்வி அதற்குப் பிறகு வரட்டும்.

அன்புடன்,
உங்கள் தொழிலில் மூத்தவர் ஒருவர்