ஊர் அறிவோம்: எண்ணூர் காட்டுக்குப்பம்



கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய மீனவர் ஊர் காட்டுக்குப்பம். சுற்றிலும் அனல்மின் நிலையம், துறைமுகம், ஆலைகள். ஆனால் இந்த ஊருக்குச் சோறு போடுவது ஆறுதான். இறால், நண்டு, மீன் பிடித்து வந்தால் பெண்கள் கூடையில் சுமந்து விற்பார்கள்.

அனல்மின் சாம்பல் படிந்து ஆறு பல இடங்களில் மேடாகிப் போச்சு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்து கழிமுகத்தில் கலந்தது. வலையும் படகும் கறுத்தன, தொழில் நின்றது. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகைச் சரிசெய்ய 10,000 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது.

இதில் நமக்கு என்ன பாடம்? படகுக்குப் பதிவு எண் இருக்கு. கூடைக்கு என்ன இருக்கு? நஷ்டத்தை வாயால் சொன்னால் போதாது, எழுத்து வேண்டும். சேமிப்பு எழுதுகிற மாதிரியே தினமும் வாங்கியது, விற்றது, மிச்சம் மூன்றையும் நோட்டில் எழுதுவோம். மாதாமாதம் ஊக்குநரிடம் கையெழுத்து வாங்குவோம்.

கூட்டத்தில் பேசுவோம்: நம் தொழில் ஒரு மாதம் நின்றால், அந்த நஷ்டத்தைக் காட்ட நம்மிடம் என்ன எழுத்து இருக்கிறது?